கரி டிராக்கில் ஓடிய அந்த பிஎம்டபிள்யூ கார் எங்கிருந்து வந்தது?

போரூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் மகனுக்கு 14 வயது, கார்ட்டிங் ஓட்டுகிறான். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சில வருஷங்களுக்கு முன் எடுத்த வீடியோ ஒன்று அவன் கண்ணில் பட்டிருக்கிறது. ஒற்றை சீட் கார்கள், உடம்பு முழுக்க ஜேகே டயர் ஸ்டிக்கர். ஆனால் பின்னணியில் பேசுகிறவர் அந்தக் காரை 'பிஎம்டபிள்யூ' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். "இது என்ன கார் சார்? பிஎம்டபிள்யூ நிஜமாகவே சின்னப் பசங்களுக்கு ரேஸ் நடத்தியதா? நடத்தியிருந்தால் ஏன் விட்டார்கள்? என் பையனுக்கு அப்படி ஒன்று இப்போது இருக்கிறதா?"

கேள்வி நான்கு. கடைசிக் கேள்விதான் அவருக்கு அவசரம் என்று தெரிகிறது. ஆனால் முதல் மூன்றையும் சொல்லாமல் அதற்குப் பதில் சொன்னால் பாதிதான் புரியும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் முப்பது வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் விற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கொடி பிடித்து நின்றவன். ரேஸ் ஓட்டியதில்லை. ஓட்டியவர்களை ரொம்பப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த அளவில் எழுதுகிறேன்.

முதலில் கார். அதன் பெயர் எஃப்பி02. ஃபார்முலா பிஎம்டபிள்யூ என்ற தொடருக்காகவே 2002-இல் வந்த கார். கட்டியது பிஎம்டபிள்யூ தொழிற்சாலை இல்லை, பிரான்ஸில் இருக்கும் மிகால் என்ற கம்பெனி. பின்னால் உட்கார்ந்திருக்கும் எஞ்சின் மட்டும் அசல் பிஎம்டபிள்யூ. அதுவும் கார் எஞ்சின் இல்லை, பைக் எஞ்சின். கே1200ஆர்எஸ் என்று ஒரு பெரிய டூரிங் பைக் வந்ததே, அதிலிருந்து எடுத்தது: நாலு சிலிண்டர், 1171 சிசி. ரோட்டில் ஓடும் பைக்கிலேயே அது 130 குதிரைத் திறன் தரும். ரேஸ் காரில் 140 வரை வைத்துக்கொண்டார்கள். கேட்டால் "அவ்வளவுதானா?" என்று தோன்றும். எஞ்சினை ரொம்பப் பிழியாமல் விட்டதில்தான் சூட்சுமம். பிழியாத எஞ்சின் உடையாது. உடையாத எஞ்சின் அப்பாவின் பாக்கெட்டைக் காலி செய்யாது.

காரின் எடை 500 கிலோவுக்கும் குறைவு. நம் பழைய மாருதி 800-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிட எடை குறைவு, பலமோ மூன்று மடங்குக்கு மேல். 0-விலிருந்து 100 கிலோமீட்டரை 4 விநாடிக்குள் தொட்டுவிடும். நீளமான நேர்பாதை கிடைத்தால் மணிக்கு 230 வரை போகும். 15 வயதுப் பையன் கையில் இதைக் கொடுக்கிறார்கள் என்பதால் உட்காரும் கூட்டை கார்பன் ஃபைபரில் கட்டினார்கள். சக்கரம் பிய்ந்து பறக்காமலிருக்க அதைக் கயிறுபோல ஒன்றால் கட்டி வைத்தார்கள். முன்னும் பின்னும் விங் (காற்றால் காரை அமுக்கும் பலகை) உண்டு, பள்ளம் வெட்டாத ஸ்லிக் டயர் உண்டு. கியர் மாற்ற ஸ்டீயரிங்கில் பொத்தான் கிடையாது. பக்கத்தில் ஒரு லிவர், முன்னால் தள்ளுவது, பின்னால் இழுப்பது. ஆறு கியர்.

விங் இருந்தது ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். கார்ட்டிலிருந்து வரும் பையனுக்குத் தெரிந்த பிடிமானம் டயரின் பிடிமானம் மட்டும்தான். விங் உள்ள காரில் வேகம் கூடக்கூடக் காற்று காரை ரோட்டோடு அமுக்கும். அதாவது, பயந்து காலை எடுத்தால் பிடி குறையும், துணிந்து அழுத்தினால் பிடி கூடும். புத்திக்கு இது தலைகீழ். இதைப் பழகாமல் மேலே போகிறவன் அடுத்த படியான ஃபார்முலா 3-இல் திணறுவான். ஃபார்முலா ஃபோர்டு மாதிரி விங் இல்லாத வகுப்புகளிலிருந்து பிஎம்டபிள்யூ தொடர் மாறுபட்டது இந்த இடத்தில்தான்.

ஃபார்முலா ஃபோர்டு என்றதும் இன்னொன்று. கார் கம்பெனி பெயரில் ரேஸ் தொடர் நடத்துவது பிஎம்டபிள்யூ கண்டுபிடித்த வித்தை இல்லை. ஃபோக்ஸ்வாகன் வண்டி பாகங்களை வைத்து அமெரிக்காவில் ஃபார்முலா வீ வந்தது. ஃபோர்டு எஞ்சினை வைத்து இங்கிலாந்தில் 1967-இல் ஃபார்முலா ஃபோர்டு வந்தது. பிரான்ஸில் ரெனோ. எல்லாவற்றுக்கும் கணக்கு ஒன்றுதான். எல்லோருக்கும் ஒரே எஞ்சின், கம்பெனிக்குப் பெயர், பையன்களுக்குப் படிக்கட்டு. நம் நரேன் கார்த்திகேயன் 1994-இல் இங்கிலாந்து போய் ஓட்டியது ஃபார்முலா ஃபோர்டுதான்.

நம்மூரிலும் அதற்கு ஒரு வடிவம் இருந்தது. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் அப்பா என்னை பஸ்ஸில் கூட்டிப் போவார், மடியில் புளியோதரைப் பொட்டலம். காங்கிரீட்டில் கானல் பறக்கும். தூரத்தில் சத்தம் முதலில் வரும், கார் அப்புறம்தான் வரும். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் அதை நடத்தியது. 1990-இல் அவர்களே இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக்கைத் திறந்தார்கள். சோழவரத்தில் ஓடியவற்றில் பாதி கார்கள் அவரவர் ஷெட்டில் தட்டிக்கொட்டிச் செய்தவை. பணக்காரர்களிடம் வெளிநாட்டுக் காரும் இருந்தது. அப்புறம் கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை சீட் கார்களைக் கட்டினார். எல்லோருக்கும் ஒரே மாதிரி கார். ஃபார்முலா மாருதி என்று ஊரே சொன்னது. நரேன் முதலில் ஏறிய ரேஸ் கார் அதுதான். முதல் ரேஸிலேயே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் இதே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், மேடை ஏறினார். 2000-இல் நம்ம சென்னைப் பையன் கருண் சந்தோக் சாம்பியன் ஆனதும் ஃபார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995-இல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்துபோனார். கோயம்புத்தூர் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் மகன் வீடியோவில் பார்த்த 'கரி' அவர்தான், கறுப்பு நிறமோ யானையோ இல்லை.

ஆனால் ஃபார்முலா மாருதி, கம்பெனி கட்டிய படிக்கட்டு இல்லை. ஒரு மனிதர் தன் ஆர்வத்தில் கட்டியது, எஞ்சின் மட்டும் மாருதி. பிஎம்டபிள்யூ செய்தது வேறு. அது கம்பெனியே பணம் போட்டு, கம்பெனியே ஆள் வைத்து, கம்பெனியே பள்ளிக்கூடம் மாதிரி நடத்தியது.

தொடக்கம் ஜெர்மனியில், 1990-களின் கடைசியில். ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஜூனியர் என்று சின்ன அளவில் இருந்தது. அதற்கு மேலே ஜெர்மன் ஆட்டோமொபைல் சங்கமான ஏடிஏசியுடன் சேர்ந்து நடத்திய சாம்பியன்ஷிப். டிமோ க்ளாக் 2000-இல் ஜூனியரை வென்று 2001-இல் மேல் தொடரையும் வென்றார். அந்தச் சமயத்தில் பிஎம்டபிள்யூவின் ரேஸ் பிரிவை இரண்டு பேர் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எஃப் ஒன், அதாவது உச்ச வகுப்பான ஃபார்முலா 1-இன் முன்னாள் ஓட்டுநர் கெர்ஹார்ட் பெர்கர், மற்றவர் எஞ்சினியர் மாரியோ டைசன். கம்பெனி 2000-இல் வில்லியம்ஸ் அணிக்கு எஞ்சின் கொடுத்து எஃப் ஒன்னுக்குத் திரும்பியிருந்தது. கையில் காசு, மனதில் ஆசை. எஃப்பி02 கார் வந்த 2002-ஆம் வருஷத்தின் சாம்பியன் நிகோ ரோஸ்பெர்க். அந்த டிசம்பரில் பார்சலோனாவில் வில்லியம்ஸ் எஃப் ஒன் காரை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு 17 வயது. 2016-இல் உலக சாம்பியன் ஆனாரே, அவரேதான்.

சரி, இங்கே நின்று ஒரு விஷயம். வெறும் ரேஸ் மட்டும் நடத்தியிருந்தால் இந்தத் தொடரைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியதில்லை. பசங்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்கள். உடற்பயிற்சி, டேட்டா படிப்பது, எஞ்சினியரிடம் காரைப் பற்றிப் பேசுவது, பத்திரிகைக்காரர்களிடம் பேசுவது, ஸ்பான்சரைத் தேடுவது எல்லாம் பாடம். பணம் இல்லாத திறமைசாலிகளுக்கு உதவித்தொகையும் இருந்தது.

எஞ்சினியரிடம் பேசுவது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். இருங்காட்டுக்கோட்டை பிட்டில் நான் நூறு தடவை பார்த்த காட்சி இது. பையன் வண்டியை நிறுத்துவான், ஹெல்மெட்டைக் கழற்றுவான், "அண்ணா, வண்டி சரியில்லை" என்பான். என்ன சரியில்லை? "ஒரு மாதிரி இருக்கு." மெக்கானிக் என்ன செய்வார், ஜோசியம் பார்ப்பாரா? திருப்பத்துக்குள் நுழையும்போது மூக்கு வெளியே தள்ளுகிறதா, பாதியில் வால் வீசுகிறதா, வெளியே வந்து ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது சுழல்கிறதா, இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால்தான் கை வைக்க முடியும். அங்கே அதை 15 வயதிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு பொறாமையாகத்தான் இருந்தது.

2003-இல் சாம்பியன் மாக்சிமிலியன் கோட்ஸ். இரண்டாவதாக வந்த புதுப்பையன் செபாஸ்டியன் வெட்டல். அடுத்த வருஷம், 2004-இல், 20 ரேஸில் 18-ஐ வென்றான். எல்லோருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின், ஒரே டயர். இதில் 18 ஜெயிப்பது என்பது நூறு மீட்டர் ஓட்டத்தில் எல்லோரும் கோட்டைத் தொடும்போது ஒருவன் மட்டும் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பது மாதிரி. வெட்டல் எந்தக் காரில் ஓட்டி எத்தனை பட்டம் வாங்கினாலும், அவர் யார் என்பதைக் காட்டிய வருஷம் என்று நான் சொல்வது இதைத்தான். எஃப் ஒன்னில் கார் நல்ல கார் என்று சொல்லிவிடலாம். இங்கே சொல்ல முடியாது.

2005-இல் நிகோ ஹல்கன்பெர்க் சாம்பியன். செர்ஜியோ பெரெஸ், செபாஸ்டியன் புவேமி, அட்ரியன் சுடில், கிறிஸ்டியன் க்ளியன் என்று அந்தத் தொடரின் கிரிட்டிலிருந்து (ரேஸ் தொடங்கக் கார்கள் நிற்கும் வரிசை) எஃப் ஒன்னுக்குப் போன பெயர்களை அடுக்கினால் இந்தப் பதில் டெலிபோன் டைரக்டரி ஆகிவிடும். விட்டுவிடுகிறேன்.

இதற்கிடையில் பிஎம்டபிள்யூ கடையை விரித்தது. 2003-இல் ஆசியா, 2004-இல் இங்கிலாந்தும் அமெரிக்காவும். எல்லா ஊரிலும் அதே எஃப்பி02. வருஷக் கடைசியில் எல்லா நாட்டுப் பசங்களையும் ஒரே இடத்தில் சேர்த்து உலக இறுதிப் போட்டி. 2005-இல் பஹ்ரைனில், அதற்கடுத்த இரண்டு வருஷம் ஸ்பெயினின் வாலென்சியாவில், 2008-இல் மெக்சிகோவில். பரிசு, எஃப் ஒன் காரைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு. மெக்சிகோவில் வென்ற அலெக்சாண்டர் ரோஸி 2016-இல் அமெரிக்காவின் பெரிய ரேஸான இண்டியானாபொலிஸ் 500-ஐ வென்றார். 2007-இல் இங்கிலாந்துத் தொடரை வென்ற மார்கஸ் எரிக்சன் 2022-இல் அதே ரேஸை வென்றார்.

நமக்குப் பக்கத்து வீடு ஆசியத் தொடர்தான். முதல் வருஷ சாம்பியன் ஹோ பின் டுங். செபாங், மக்காவ் என்று சுற்றும் தொடர். நம் அர்மான் இப்ராஹிம் அதில் ஓட்டினார். அவர் அப்பா அக்பர் இப்ராஹிம் சோழவரம் காலத்து ரேஸர், பிறகு எத்தனையோ பசங்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். 2006 ஆசியத் தொடரில் மூன்றாவதாக வந்த ஆஸ்திரேலியப் பையனை எல்லோருக்கும் தெரியும், டேனியல் ரிக்கார்டோ. ஆனால் சாம்பியன் அவர் இல்லை. நியூசிலாந்தின் எர்ல் பாம்பர். கையில் பணமில்லாமல் ஒற்றை சீட் ரேஸை விட்டு, போர்ஷே கப் பக்கம் போனவர். 2015 லெ மான் 24 மணி நேர ரேஸில் வென்ற போர்ஷே காரில் இருந்த மூன்று பேரில் ஒருவர் பாம்பர், இன்னொருவர் ஹல்கன்பெர்க். பிஎம்டபிள்யூ பள்ளியின் ஆசியக் கிளை சாம்பியனும் ஜெர்மன் கிளை சாம்பியனும் ஒரே காரில். காரோ எதிர்க்கடைக் கார்!

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். பிஎம்டபிள்யூ விஷயத்தில் ஊரார் பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். தன் பிள்ளை? அங்கேதான் கதை திரும்புகிறது.

2005-இல் பிஎம்டபிள்யூ சாபர் அணியை வாங்கியது. 2006-லிருந்து சொந்த எஃப் ஒன் அணி. வெட்டலை அவர்களே சோதனை ஓட்டுநராக வைத்திருந்தார்கள். 2007 கனடா ரேஸில் ராபர்ட் குபிட்சா பயங்கரமாக மோதினார். அடுத்த வாரம் இண்டியானாபொலிஸில் அவர் இடத்தில் வெட்டல் ஏறினார். எட்டாவதாக வந்து ஒரு புள்ளி. அப்போது எஃப் ஒன்னில் புள்ளி எடுத்தவர்களிலேயே வயது குறைந்தவர். நாமாக இருந்தால் கையைப் பிடித்து வீட்டிலேயே வைத்துக்கொள்வோம். சில வாரங்களில் அவரை டோரோ ரோஸோவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அந்த அணியில் அப்போது பாதிப் பங்கு யாருக்கு? பிஎம்டபிள்யூவை விட்டு 2003-இல் போன அதே கெர்ஹார்ட் பெர்கருக்கு. 2008 செப்டம்பரில் மொன்சாவில் வெட்டல் தன் முதல் எஃப் ஒன் வெற்றியை அவருக்குத்தான் வாங்கிக்கொடுத்தார்.

பிஎம்டபிள்யூ சாபர் அணி தன் ஆயுளில் ஜெயித்தது ஒரே ஒரு கிராண்ட் பிரி, 2008 கனடா. ஓட்டியவர் குபிட்சா. அவர் ஃபார்முலா பிஎம்டபிள்யூவில் படித்தவரே இல்லை, ரெனோ தொடர்களில் வளர்ந்தவர். இதைச் சொல்லும்போது சிலர் சிரிப்பார்கள், எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கார் கம்பெனி நடத்தும் தொடரின் குணமே இதுதான். கம்பெனி பையனை வளர்ப்பது பையனுக்காக என்று நாம் நினைக்கிறோம். பையனும் அப்படித்தான் நினைக்கிறான். கம்பெனியில் அதற்கு எழுதும் செலவுத் தலைப்போ விளம்பரம். அந்தத் தலைப்புக்குக் காசு இருக்கும்வரை படிக்கட்டு இருக்கும்.

காசு போனது 2008-இல். உலகமே பொருளாதாரச் சரிவில் இருந்தது. அந்த வருஷம்தான் ஜெர்மன் தொடரையும் இங்கிலாந்துத் தொடரையும் ஒன்றாக்கி ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஐரோப்பா என்று எஃப் ஒன் வாரக் கடைசிகளில் துணை ரேஸாக ஓட்டினார்கள். எஸ்டபன் குட்டியெரஸ், அடுத்த வருஷம் ஃபெலிப்பே நாஸர் வென்றார்கள். இருவரும் பிறகு எஃப் ஒன்னுக்குப் போனவர்கள். பெரிய மேடை, நல்ல வெளிச்சம். ஆனால் அணிகளுக்குச் செலவும் எகிறியது. முன்பு ஜெர்மனிக்குள்ளேயே லாரியில் சுற்றியவர்கள் இப்போது ஐரோப்பா முழுக்கச் சுற்ற வேண்டும். என் கணிப்பில் தொடர் தடுமாறத் தொடங்கியது அங்கேதான். பள்ளிக்கூடத்தை ஊர்க்கோடியிலிருந்து மவுன்ட் ரோட்டுக்கு மாற்றினால் வாடகையை யார் கொடுப்பது?

2009 ஜூலை 29 அன்று பிஎம்டபிள்யூ எஃப் ஒன்னை விட்டுப் போவதாக அறிவித்தது. மேல்மாடியே இடிந்த பிறகு படிக்கட்டு எதற்கு? அமெரிக்கத் தொடர் அந்த வருஷத்தோடு முடிந்தது. ஐரோப்பியத் தொடர் 2010-இல் கடைசியாக ஓடியது. ராபின் ஃப்ரைன்ஸ் வென்ற அந்தக் கிரிட்டில் கார்லோஸ் சைன்ஸ், டேனில் க்வியாட் இருவரும் இருந்தார்கள். கடைசி வகுப்பு வரை பள்ளிக்கூடம் கெட்டுப்போகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அதன்பின் ஜெர்மனியில் டாலென்ட் கப் என்று சின்ன அளவில் சில வருஷம் இழுத்தார்கள். கம்பெனியின் கவனம் டிடிஎம் என்ற ஜெர்மன் டூரிங் கார் ரேஸுக்குப் போய்விட்டது. 2012-இல் திரும்பி வந்த முதல் வருஷமே அங்கே பட்டமும் வென்றார்கள். ஷோரூமில் விற்கும் காரைப் போல இருக்கும் காரை ஓட்டி ஜெயித்தால் கார் விற்கும். ஒற்றை சீட் காரைப் பார்த்து யார் காருக்கு முன்பணம் கட்டுவார்? அவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது.

இப்போது நம்மூருக்கு வருகிறேன். பிஎம்டபிள்யூ 2007-இல் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் தொழிற்சாலை திறந்தது. இந்தியாவில் அவர்கள் கார் செய்யும் ஒரே இடம் அதுதான். ஆனால் ரேஸ் தொடர் இங்கே வந்தது அந்த வாசல் வழியாக இல்லை. ஆசியத் தொடர் 2008-லிருந்து ஃபார்முலா பிஎம்டபிள்யூ பசிபிக் என்று பெயர் மாறியிருந்தது. 2009-இல் அதை வென்ற ரியோ ஹர்யான்டோ பின்னாளில் இந்தோனேசியாவின் முதல் எஃப் ஒன் ஓட்டுநர் ஆனார். பிஎம்டபிள்யூ கையை உதறியபோது அந்தத் தொடரைக் கையில் எடுத்தது ஜேகே டயர். 2011-இல் ஜேகே ரேசிங் ஏசியா சீரிஸ் என்று பெயர். கார் அதே எஃப்பி02, எஞ்சின் அதே பைக் எஞ்சின், டயர் மட்டும் ஜேகே.

முதல் சாம்பியன் லூகஸ் ஆவர், ஆஸ்திரியப் பையன். இவர் யார் என்று பாருங்கள்: கெர்ஹார்ட் பெர்கரின் சகோதரி மகன். மாமா பிஎம்டபிள்யூவில் இருந்த காலத்தில் பிறந்த காரில், பிஎம்டபிள்யூ பெயர் போன பிறகு, இந்திய டயர் கம்பெனியின் தொடரில் மருமகன் பட்டம் வாங்குகிறார். கதையாக எழுதினால் நம்ப மாட்டார்கள்.

அந்த வருஷம் அக்டோபர் 30, கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் முதல் இந்தியன் கிராண்ட் பிரி. அந்த வாரக் கடைசியில் துணை ரேஸாக ஓடியவற்றில் ஜேகே சீரிஸும் ஒன்று. பெரிய ரேஸை ரெட் புல் காரில் வென்றவர் வெட்டல். 2004-இல் எந்த வகைக் காரில் 18 ரேஸ் வென்றாரோ, அதே வகைக் கார்கள் சில மணி நேரம் முன்புவரை அதே தாரில் சுற்றிக்கொண்டிருந்தன. எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து கவனித்தேன். வீட்டில் உள்ளவர்களிடம் சொன்னேன். "காபி ஆறுது" என்றார்கள்.

ஆசியத் தொடர் 2012-க்குப் பிறகு இல்லை. ஆனால் கார்கள் இந்தியாவில் நின்றுவிட்டன. ஜேகே டயர் தன் தேசிய சாம்பியன்ஷிப்பில் மேல் வகுப்பாக அவற்றையே ஓட்டியது. யூரோ ஜேகே என்ற பெயரில் கோயம்புத்தூரிலும் புத் சர்க்யூட்டிலும் ஓடிய கார்கள் இவைதான். உங்கள் மகன் பார்த்த வீடியோ அந்தக் காலத்தது.

நானும் ஒரு முறை கரி டிராக்கில் அந்தக் காரைக் கையால் தொட்டிருக்கிறேன். காலை ஏழு மணி, செட்டிப்பாளையம் காற்று சில்லென்று இருந்தது. மெக்கானிக் ஒருவர் எஞ்சின் மூடியைக் கழற்றி ஒரு பழைய டயர் மேல் சாய்த்து வைத்திருந்தார். உள்ளே எஞ்சின் ஒரு ட்ரங்குப் பெட்டி அளவுதான் இருந்தது. மூக்குப் பகுதியில் ஸ்டிக்கர் ஓரம் உரிந்திருந்தது. விரலால் நீவிப் பார்த்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதற்கும் அடியில் வட்டமாக ஏதோ ஒரு தடம், நீலம் போன பிறகு மிஞ்சும் வெளுப்பு. "பிஎம்டபிள்யூ லோகோவா தம்பி?" என்றேன். "இருக்கும் சார். நாங்க வந்தப்பவே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்பேனரைத் தேடப் போனார். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய ரேஸ் கார் அது. எத்தனை நாட்டில் எத்தனை பசங்கள் அந்த சீட்டில் வியர்த்திருப்பார்கள்!

இனி நான்காவது கேள்வி. அப்படி ஒன்று இப்போது இருக்கிறதா?

அதே மாதிரி இல்லை. உலகம் முழுக்க அந்த இடத்தை 2014-லிருந்து ஃபார்முலா 4 பிடித்துக்கொண்டது. விதிகளை எழுதுவது கார் கம்பெனி இல்லை, சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ. எஞ்சின் தருவது மட்டும் கார் கம்பெனிகள். ஒரு கம்பெனி போனாலும் படிக்கட்டு நிற்கும். இந்திய ஃபார்முலா 4 சாம்பியன்ஷிப் 2023-இல் தொடங்கியது. முதல் வருஷமே சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ரோட்டிலேயே ஓட்டத் திட்டமிட்டார்கள். அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து ஊரே மிதந்ததால் தள்ளிப்போனது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. அண்ணா சாலையும் நேப்பியர் பாலமும் சேர்ந்த மூன்றரை கிலோமீட்டர் பாதையில், இரவு விளக்கில். மற்ற சுற்றுகளில் நம் இருங்காட்டுக்கோட்டைக்கும் பங்கு உண்டு. இப்போது அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். அந்த ஃபார்முலா 4 காரைக் கட்டுவது யார் தெரியுமா? அதே மிகால். எஞ்சின் ரெனோ குடும்பத்தின் ஆல்பைன். எஃப்பி02-வின் தம்பி என்று தாராளமாகச் சொல்லலாம்.

கார் கம்பெனி நேரடியாக நடத்திய தொடர் இந்தியாவிலும் ஒன்று இருந்தது. ஃபோக்ஸ்வாகன் 2010-இல் டீசல் போலோக்களை வைத்து ஒரு கப் தொடங்கி, பிறகு வென்டோ, அமியோ என்று மாடல் மாற்றி நடத்தியது. மேற்கூரை உள்ள டூரிங் கார்தான். கவனித்தீர்களா, கடையில் எந்த மாடலை விற்க வேண்டுமோ அந்த மாடல் டிராக்குக்கு வந்தது. மேலே சொன்ன விளம்பரக் கணக்கு.

உங்கள் மகனுக்கு 14 என்றீர்கள். ஃபார்முலா 4-க்கு 15 ஆக வேண்டும். அந்த ஒரு வருஷத்தில் கார்ட்டிங்கில் தேசிய சாம்பியன்ஷிப் சுற்றுகளை ஒழுங்காக ஓட்டட்டும். நேரே ஃபார்முலா 4-க்குப் பாய்வதற்கு முன் ஃபார்முலா எல்ஜிபி காரில் ஒரு சீசன் உட்கார்ந்தால் நல்லது என்பது என் கருத்து. 1300 சிசி மாருதி எஞ்சின், விங் கிடையாது, செலவு குறைவு. கியரும் பிரேக்கும் ஓவர்டேக்கும் அதில் பழகிவிடும். விங் எப்படி அமுக்குகிறது என்பதை அப்புறம் கற்றுக்கொள்ளலாம். பிஎம்டபிள்யூ இரண்டையும் ஒரே காரில் கொடுத்தது. நாம் இரண்டு தவணையில் வாங்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, காசு செலவில்லாதது. அடுத்த முறை அவன் கார்ட்டை நிறுத்தியதும் "எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். "ஒரு மாதிரி இருந்தது" என்றால் விடாதீர்கள். எந்தத் திருப்பத்தில், நுழையும்போதா, நடுவிலா, வெளியே வரும்போதா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு நோட்டில் அவனையே எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைக்குக் கூட்டி வந்தால் அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய பழக்கம், நான் கொடிக் கம்பத்துப் பக்கம்தான் எங்காவது நின்றுகொண்டிருப்பேன்.